வர்ணத்துக்குக் கீழே



தெரியாத வேலையை ஒருவன் எப்படிக் கற்றுக்கொள்கிறான்? செய்துதான் கற்றுக்கொள்கிறான். அப்படியானால், தெரியாமல் எப்படிச் செய்வது? கேட்பதற்குச் சின்னக் கேள்விதான். ஆனால் பழைய கிரேக்க ஞானிகளையே நின்று யோசிக்க வைத்த கேள்வி இது. இவ்வாரம் இதைப் பற்றிச் சிறிது சிந்திப்போம். புத்தகத்தில் தொடங்காமல், கல்முனையில் ஒரு கராச்சின் எண்ணெய்க் கறை படிந்த தரையில் தொடங்குவோம்.

சென்ற ஆண்டு ஓர் அலுவலாக அக்கரைப்பற்றுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தேன். நிந்தவூர் தாண்டியதும் என் மோட்டார் சைக்கிளின் செயின் தளர்ந்து சத்தமிடத் தொடங்கியது. காரைதீவு, சாய்ந்தமருது எல்லாம் அந்தச் சத்தத்தோடேயே கடந்து, கல்முனையில் பிரதான வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் கராச் ஒன்றைக் கண்டு நிறுத்தினேன். கராச்சின் சொந்தக்காரர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு காக்கா. அவர் என் செயினைப் பார்க்கக் குனிந்தபோது, மூலையில் இரண்டு மரக்கட்டைகளின் மேல் ஏற்றி வைத்திருந்த ஒரு பொருள் என் கண்ணில் பட்டது. சில்லு இல்லை, இயந்திரம் இல்லை, இருக்கை இல்லை. ஒரு மோட்டார் சைக்கிளின் வெறும் பிரேம், சதையெல்லாம் போய் எலும்பு மட்டும் மிஞ்சியது போல் நின்றது. அதன் பக்கத்தில் பத்தொன்பது வயது மதிக்கத்தக்க ஒரு தம்பி உட்கார்ந்து, உப்புக் காற்று பிடித்த துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"இதிலிருந்து முழு மோட்டார் சைக்கிளையும் நீயே கட்டப் போகிறாயா?" என்று கேட்டேன். "ஓம் பாதர்" என்றான். "முன்பு கட்டியிருக்கிறாயா?" என்றேன். "இல்ல. இதுதான் முதல்" என்று சிரித்தான்.

அது அவனுடைய மாமாவின் பழைய வண்டியின் பிரேம். பதிவுப் புத்தகம் இருந்தது. கழுத்துப் பகுதியில் வெட்டியிருந்த சேசி இலக்கமும் அதோடு பொருந்தியது. நம் நாட்டில் 2020ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025இல்தான் மீண்டும் திறந்துவிடப்பட்டது. அந்த இடைக்காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய கதையை வாசகர்கள் அறிவீர்கள். புதியதை வாங்க வழியில்லாத பிள்ளைகள் பழையதைக் கட்டி எழுப்ப நினைத்ததில் வியப்பில்லை. ஆயினும் இந்தத் தம்பிக்குப் பணம் மட்டும் காரணமாயிருக்கவில்லை. தன் கையால் ஒன்றை முழுமையாகச் செய்து பார்க்க வேண்டும் என்ற ஆசை அவன் முகத்தில் தெரிந்தது. அது நல்ல ஆசை. கடையில் வாங்கிய பொருளை நாம் வைத்திருக்கிறோம். செய்து முடித்த பொருளையோ நாம் அறிந்திருக்கிறோம்.

கற்பவனின் முடிச்சு

நற்பழக்கம் எப்படி உண்டாகிறது என்று ஆராய்ந்த அரிஸ்டோட்டில், கைத்தொழிலைத்தான் உதாரணமாக எடுத்தார். வீடு கட்டிக் கட்டியே ஒருவன் கட்டடக்காரன் ஆகிறான். யாழ் வாசித்து வாசித்தே வாசிப்பவன் ஆகிறான். அவ்வாறே நீதியான செயல்களைச் செய்து செய்தே நீதிமான் ஆகிறான் என்பது அவர் கருத்து. உடனே ஓர் எதிர்வாதத்தையும் அவரே எழுப்புகிறார்: நீதியான செயலைச் செய்கிறவன் ஏற்கெனவே நீதிமானாக அல்லவா இருக்க வேண்டும்? அதற்கு அவர் தரும் விடையின் சாரம் இது. பிழையில்லாமல் ஒரு சொல்லை எழுதியவன் எல்லாம் இலக்கணம் கற்றவன் ஆகிவிட மாட்டான். தற்செயலாகவும் எழுதியிருக்கலாம், மற்றொருவர் சொல்லிக்கொடுக்க எழுதியிருக்கலாம். ஆகவே புதியவன் முதலில் பிறருடைய அறிவைக் கடனாகப் பெற்று வேலை செய்கிறான். நாட்செல்ல அந்தக் கடன் அவனுடைய சொந்தச் சொத்தாகிறது.

பக்கத்து மருதமுனையில் தலைமுறை தலைமுறையாகக் கைத்தறி நெய்கிறார்கள். அங்கே பிள்ளைகள் தறியைக் கற்றுக்கொண்ட விதமும் இதுதான். பாவில் ஓர் இழை அறுந்தால் பெரியவர் வந்து முடிச்சுப் போட்டுக் காட்டுவார். அடுத்த முறை பிள்ளை தானே போடும்.

சொல்லிக்கொடுக்க ஆளில்லாதவன் என்ன செய்வான்? கோயம்புத்தூர் ஜீ. டி. நாயுடுவின் வாழ்க்கை இதற்கு நல்ல சாட்சி. 1893இல் கலங்கல் என்னும் கிராமத்தில் பிறந்தவர், பள்ளிப்படிப்பை முடிக்காதவர். இளமையில் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் ஓட்டி வந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைக் கண்டு அதன் மேல் மனம் போய்விட்டது. கோயம்புத்தூருக்குப் போய் ஓர் உணவு விடுதியில் பரிமாறுகிற வேலை பார்த்துக் காசு சேர்த்து, அந்த அதிகாரியிடமே 300 ரூபாய் கொடுத்து அதை வாங்கினார். வாங்கியவர் ஓட்டித் திரிந்ததோடு நிற்கவில்லை. பகுதி பகுதியாகக் கழற்றினார், மீண்டும் பூட்டினார், அதன் உள்வேலை விளங்கும்வரை ஆராய்ந்தார். சரியாகச் செய்யப்பட்ட ஒரு இயந்திரமே அவருக்கு ஆசானாயிற்று. 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கி, பின்னர் பெரிய போக்குவரத்து நிறுவனத்தையே நடத்தினார். 1937இல் உள்நாட்டிலேயே மின்மோட்டார் செய்ததில் அவருக்கும் பங்குண்டு. 1974இல் காலமானார்.

இவர் கதையில் நாம் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. முதலில் கழற்றிப் பார்த்தது தம்முடைய காசில் வாங்கிய தம்முடைய வண்டியை. ஒரு பாகத்தைப் பிழையாகப் பூட்டியிருந்தால் நட்டம் அவருக்கே. பஸ்ஸில் பொதுமக்களை ஏற்றியது அதன் பிறகுதான்.

பிழையின் விலையை யார் கொடுப்பது?

இங்கேதான் ஒழுக்கவியலின் கேள்வி தொடங்குகிறது. தறியில் பழகுகிற பிள்ளை பிழை விட்டால் ஒரு சாரன் வீணாகும். குயவனின் மகன் பிழை விட்டால் ஒரு சட்டி உடையும். மோட்டார் சைக்கிளோ பட்டறைக்குள்ளேயே இருக்கப் போகிற பொருளன்று. பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளும், மீன் பெட்டி கட்டிய சைக்கிள்காரரும், தொழுகை முடிந்து இறங்கும் முதியவர்களும் நடமாடும் அதே வீதியில் அது ஓடும். பிறேக் பிடிக்கவில்லையென்றால் அதன் விலையைக் கொடுப்பவர், அந்த வண்டியைக் கட்டியவன் யாரென்றே அறியாத ஒருவராக இருக்கலாம்.

அப்படியானால் புதியவன் இத்தகைய வேலையைத் தொடவே கூடாதா? அப்படிச் சொன்னால் ஒரு தலைமுறைக்குப் பிறகு உலகில் தொழில் தெரிந்தவர் ஒருவரும் மிஞ்ச மாட்டார். இன்றைய வைத்திய நிபுணரும் ஒருநாள் முதல் ஊசியை யாரோ ஒருவருடைய கையில்தான் குத்தினார். எனவே புதியவனுக்குப் பிழை விடும் உரிமை உண்டென்று நாம் ஒப்புக்கொள்ளவே வேண்டும். அந்த உரிமைக்கு எல்லை எது என்பதே கேள்வி.

கல்முனைக் காக்கா தத்துவம் படித்தவரல்லர். ஆனால் அவருடைய கராச்சில் எழுதாத சட்டங்கள் சில இருந்தன. முதலாவது, பிறேக் வேலையை அவர் பார்க்காமல் அந்தத் தம்பி முடிக்கக் கூடாது. இரண்டாவது, பெற்றோல் தாங்கியில் வெல்டிங் நெருப்பைக் காட்டவே கூடாது. வெறுமையாகத் தெரிகிற தாங்கிக்குள்ளும் பெற்றோல் ஆவி நிற்கும், அது வெடித்தால் பக்கத்தில் நிற்பவரும் தப்ப மாட்டார். மூன்றாவது, வர்ணம் கடைசி வேலை. முழு வண்டியையும் வர்ணமில்லாமல் ஒருமுறை பூட்ட வேண்டும். முன் சில்லும் பின் சில்லும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா, செயின் நேராக ஓடுகிறதா, முன்பக்கத்தை இரு புறமும் முழுதாகத் திருப்பும்போது வயர் எதுவும் இழுபடுகிறதா என்றெல்லாம் பார்த்து, எல்லாம் சரியென்றால் மீண்டும் கழற்றி அதன் பின்னரே வர்ணம் பூச வேண்டும்.

இந்த மூன்றாவது சட்டத்தைத்தான் தம்பி மீறினான்.

ஓர் இரவின் போராட்டம்

சில வாரங்களுக்குப் பின் மீண்டும் அவ்வழியே போக நேர்ந்தபோது கராச்சில் இறங்கினேன். வண்டி முக்கால்வாசி எழும்பியிருந்தது. கறுப்பு வர்ணம் கண்ணாடி போல் மின்னியது. ஆனால் இருக்கைக்குக் கீழே, பின்பக்கத்து ஷொக் அப்சோபரைப் பிடிக்கும் காதைச் சுற்றி மட்டும் வர்ணம் சுரண்டப்பட்டு, வெறும் இரும்பு தெரிந்தது. என்ன நடந்தது என்று கேட்டேன். தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான்.

அந்தக் காதைப் புதிதாக ஒட்டியவன் அவனே. வெல்டிங் முடிந்தபோது மேலே பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் ஒட்டும்போதே அவனுக்குச் சந்தேகம் தட்டியிருந்தது. இரும்பு போதிய அளவு உருகவில்லை. உருகிய கம்பி உள்ளே ஊறாமல் மேலே குந்திக்கொண்டது போல் பட்டது. காக்கா அன்று வெளியே போயிருந்தார். பெருநாளைக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது. பெருநாளன்று வண்டியை வீதியில் இறக்குவேன் என்று கூட்டாளிமாரிடம் சொல்லியாகிவிட்டது. கிரைண்டரால் மேட்டை மட்டமாக்கினான். வர்ணத்தைப் பூசினான். மறுநாள் வந்த காக்கா பார்த்துவிட்டு, "நல்லா முடிச்சிரிக்காய்" என்று முதுகில் தட்டினார்.

"அந்தத் தட்டுத்தான் பாதர் என்னை நித்திரை கொள்ள விடல்ல" என்றான்.

இரண்டு இரவுகள் அவன் உறங்கவில்லை. பின் இருக்கையில் ஏறி ரியூசனுக்குப் போகப் போகிறவள் அவனுடைய தங்கச்சி. பின்னால் ஒருவர் ஏறினால் அந்தப் பாரத்தில் பெரும்பங்கு அந்தக் காதின் மேல்தான் விழும். வீதியின் ஒவ்வொரு குழியும் அதை ஒருமுறை அசைத்துப் பார்க்கும். இன்றைக்கே உடையாது, நாளைக்கும் உடையாது. ஒருநாள் உடையும். அப்போது அது பழைய வண்டியின் தலைவிதி என்று எல்லாரும் சொல்வார்கள். காரணம் அவனுக்கு மட்டுமே தெரியும்.

மூன்றாம் நாள் காலையில் எல்லாருக்கும் முன்னே கராச்சுக்கு வந்து வர்ணத்தைச் சுரண்டினான். காக்கா வந்ததும், "காக்கா, இதுல பிழை இரிக்கி. நான் சரியா ஒட்டல்ல. தெரிஞ்சுதான் மேலால பூசிப்போட்டன்" என்றான். காக்கா குனிந்து பார்த்தார். சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கிரைண்டரை எடுத்து அவன் கையில் கொடுத்து, "வெட்டி எடு. சுத்தமாக்கிப் போட்டுத் திரும்ப ஒட்டு. இந்தத் தரம் பூச முந்திக் காட்டு மனே" என்றார். அவ்வளவுதான். பெருநாள் அந்த வண்டியில்லாமலே வந்து போயிற்று.

கையின் பிழை, மனத்தின் பிழை

வாசகர்களே, இங்கே இரண்டு பிழைகள் நடந்திருப்பதைக் கவனியுங்கள். சரியாக ஒட்டாதது ஒன்று. தெரிந்தும் பூசியது மற்றொன்று. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கலாமா?

அரிஸ்டோட்டில் காட்டி, பின்னர் புனித தோமஸ் அக்குவினாஸ் விளக்கிய ஒரு வேறுபாடு இவ்விடத்தில் நமக்கு உதவுகிறது. பொருளைச் செய்யும் திறமை வேறு. வாழ்க்கையை நடத்தும் விவேகம் வேறு. திறமையைப் பொறுத்தவரை, வேண்டுமென்றே பிழை விடுகிறவன் தெரியாமல் பிழை விடுகிறவனை விட மேலானவன். நன்றாகப் பாடத் தெரிந்தவர் பிள்ளைகளைச் சிரிக்க வைப்பதற்காகச் சுருதி தவறிப் பாடினால், அவருக்குப் பாடத் தெரியாது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஒழுக்கத்திலோ இது தலைகீழாகிறது. அங்கே தெரியாமல் தவறியவன் மன்னிப்புக்கு உரியவன். தெரிந்தே தவறியவன்தான் பெருங்குற்றவாளி.

இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால், சரியாக உருகாத அந்த ஒட்டு கையின் பிழை. பத்தொன்பது வயதில், முதல் வண்டியில், அது வராமல் இருந்தால்தான் அதிசயம். அதன் மேல் பூசிய வர்ணமோ மனத்தின் பிழை. வர்ணம் பூசிய அந்தக் கணத்தில் அவன் புதியவனாக இருப்பதை நிறுத்திவிட்டான். பொய் சொல்வதற்கு ஒருவனுக்குப் பயிற்சி வேண்டியதில்லை. ஆகவே புதியவனுடைய உரிமைக்கு எல்லை எது என்ற நம் கேள்விக்கு விடை இதுவே: பிழை விடும் உரிமை அவனுக்கு உண்டு, அதை மறைக்கும் உரிமை இல்லை. மறைக்காத பிழையைத் திருத்த ஊரிலே ஆயிரம் கை உண்டு. மறைத்த பிழையைத் திருத்த ஒருவராலும் முடியாது, ஏனெனில் அது இருப்பதே ஒருவருக்கும் தெரியாது.

நியூசிலாந்தின் இன்வர்கார்கில் நகரில் பேர்ட் மன்றோ என்றொருவர் இருந்தார். 1920ஆம் ஆண்டு தயாரிப்பான ஓர் இந்தியன் மோட்டார் சைக்கிளை வாங்கி, வாழ்நாளெல்லாம் தம் கையாலேயே மாற்றி மாற்றிக் கட்டினார். பிஸ்டன்களைக்கூடத் தாமே வார்த்தார். தொடக்கத்தில் மணிக்கு 55 மைல் அளவில் ஓடிய அந்த வண்டியை, 1967இல் அமெரிக்காவின் பொன்வில் உப்புவெளியில் மணிக்கு 183 மைலுக்கு மேல் ஓட்டிச் சாதனை படைத்தார். அப்போது அவருக்கு வயது 68. நான் சொல்ல வந்தது அந்த வேகத்தைப் பற்றியல்ல. அவருடைய கொட்டகையில் ஓர் அலுமாரித் தட்டு இருந்தது. அவர் செய்து உடைந்துபோன பிஸ்டன்களும் மற்றப் பாகங்களும் அதில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. வேகத் தெய்வத்துக்கு இட்ட காணிக்கைகள் என்று வேடிக்கையாக எழுதியும் வைத்திருந்தார். வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி தம் தோல்விகளை அடுக்கி வைக்க எத்தனை பேருக்கு மனம் வரும்? நாம் சான்றிதழ்களைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறோம். உடைந்த பிஸ்டன்களை இரவோடிரவாகப் புதைத்துவிடுகிறோம்.

பூச வைப்பவர் யார்?

குற்றம் முழுவதையும் புதியவன் தலையில் கட்டிவிட்டு நாம் எழுந்து போய்விடலாமா? புதியவன் ஏன் மறைக்கிறான்? நாம் சிரிப்போம் என்று பயந்து மறைக்கிறான். "இதுகூடத் தெரியாதா?" என்ற ஒரு வார்த்தையால் எத்தனை பேரைப் பொய்யர்களாக்கியிருக்கிறோம்! குறைந்த புள்ளி எடுத்த பிள்ளை விடைத்தாளை ஒளிக்கிறது. புதிதாக வந்த எழுதுவினைஞர் விளங்காத கடிதத்தைக் கோவைக்குள் செருகி வைக்கிறார். புதுத் தாதி, மருந்தின் அளவில் சந்தேகம் வந்தும், கேட்டால் ஏளனம் செய்வார்களோ என்று வாய் திறவாதிருக்கிறாள். அந்தக் காக்கா அன்று பத்துப் பேர் முன்னிலையில் அவனை ஏசியிருந்தால், அடுத்த முறை அவன் வர்ணத்தை இன்னும் தடிப்பாகப் பூசியிருப்பான்.

இதை எழுதும் எனக்கும் ஒரு பழைய வர்ணம் உண்டு. குருவாகிய முதல் ஆண்டில் ஒரு குடும்பத்தார் காணிப் பிணக்கு ஒன்றுக்கு ஆலோசனை கேட்டு வந்தார்கள். காணிச் சட்டம் எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல அங்கி இடங்கொடுக்கவில்லை. பெரியவர் போல் பேசி ஒரு வழி சொன்னேன். அந்த வழியே போனதில் அவர்களுக்கு நட்டம் ஏற்பட்டது. பிறகு என்னைக் கண்டபோதும் அவர்கள் மரியாதையாகவே நடந்தார்கள். நானும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. என் அறியாமையை மன்னிக்கலாம். அதன் பிறகு நான் காத்த மௌனத்துக்கு என்ன பெயர்? அந்தத் தம்பி இரண்டு இரவுகளில் முடித்த வேலையை முடிக்க எனக்குப் பல ஆண்டுகள் எடுத்தன. சென்ற ஆண்டு, கல்முனையிலிருந்து திரும்பிய பின்னரே, அவர்கள் வீட்டுப் படலையைத் தட்டினேன்.

சட்டம்கூட இதையே தன் வழியில் கேட்கிறது. வண்டியின் அமைப்பை மாற்றுகிறவன் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதியைப் பெற வேண்டும் என்பது வெறும் கடதாசி வேலையாக நமக்குத் தோன்றலாம். அதன் உட்பொருள் எளியது: நீ கட்டியதை உன்னைத் தவிர இன்னொரு கண் பார்க்கட்டும். வீதி எல்லாருக்கும் பொது. ஆகையால் வீதியில் இறங்கும் வேலைக்கும் பொதுச் சாட்சி வேண்டும்.

அந்த வண்டி இப்போது ஓடுகிறது. ஒருநாள் பாண்டிருப்புப் பக்கம் எதிரே வந்தபோது தம்பி கையைக் காட்டி நிறுத்தினான். பின்னால் தலைக்கவசத்தோடு தங்கச்சி உட்கார்ந்திருந்தாள். இருக்கைக்குக் கீழே குனிந்து பார்த்தேன். மற்ற இடமெல்லாம் மின்னும் கறுப்பு. அந்தக் காதில் மட்டும் மங்கலான சாம்பல் நிறத்தில், துருப்பிடிக்காமல் காக்கும் அடிப்பூச்சு. "ஏன் இதை மட்டும் கறுப்பாக்கவில்லை?" என்று கேட்டேன்.

"தெரியட்டும் பாதர்" என்றான்.

வாசகர்களே, நாமும் ஏதோ ஒன்றில் இன்னும் புதியவர்களே. பெற்றோராக, ஆசிரியராக, அயலவராக, நாமெல்லாரும் வெறும் பிரேமிலிருந்து கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். நம்மை நம்பிப் பின் இருக்கையில் ஏறி அமர்ந்திருப்பவர்களும் உண்டு. இன்றிரவு விளக்கை அணைக்குமுன் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்வோம்: எந்த இடத்தில் நாம் வர்ணத்தை முந்திப் பூசினோம்?